லூயிஸுக்கு எழுதிய ஐந்து வரி

ஜானட் மிஸ் போர்டில் நாலு வார்த்தைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். மஸ்ட். ஹேவ் டு. ஷுட். நீட் நாட். எழுதி முடித்து மார்க்கரை மூடிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் பதினெட்டு பேர் இருந்தோம். அதில் நாலைந்து பேர் அதற்குள் தூங்கியிருந்தார்கள்.

சனிக்கிழமை மதியம். கப்பலில் வரும் நாற்பதடி இரும்புப் பெட்டி ஒன்றை அறுத்து, ஜன்னல் வைத்து, ஏசி மாட்டி, அதைத்தான் வகுப்பறை ஆக்கியிருந்தார்கள். எங்கள் யார்டு எண்ணூர் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. வருவதும் போவதும் பெட்டிதான். போன வருஷம் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வந்த ஒருவர், சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்புப் பலகையைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களில் ஏழு பேரைக் கேட்டார். ஏழு பேரும் சிரித்தோம். அதனால் வந்தது இந்த இங்கிலீஷ் வகுப்பு. சம்பளத்தோடு ஒரு மணி நேரம் ஏசியில் உட்காரலாம் என்பதால் ஒருத்தரும் மட்டம் போடவில்லை.

"மஸ்ட்னா செஞ்சே ஆகணும்," என்றார் மிஸ். "யூ மஸ்ட் வேர் ஹெல்மெட். போடலைன்னா கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஹேவ் டுன்னா, நமக்குப் பிடிக்குதோ இல்லையோ, வேற வழியில்ல. ஐ ஹேவ் டு கம் அட் சிக்ஸ். ஷுட் அப்படி இல்ல. அதுல கட்டாயம் கிடையாது. செஞ்சா உங்களுக்கு நல்லதுன்னு, உங்க மேல அக்கறை உள்ளவங்க சொல்றது."

"பொஞ்சாதி சொல்றது இதுல எதுல வரும் மிஸ்ஸு?" என்று பின்னாலிருந்து சுயம்பு கேட்டான்.

காலிப் பெட்டிகளைக் கழுவும் ரஹீமுன்னிசா திரும்பாமலே பதில் சொன்னாள். "உன் பொஞ்சாதி சொல்றது மஸ்ட்டு. நீ சொல்றது நீட் நாட்டு."

தூங்கிக்கொண்டிருந்தவர்களும் எழுந்து சிரித்தார்கள். மிஸ்ஸும் சிரித்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும் அவருக்கு. எங்களை ஒருமுறைகூட "நீ" என்று சொன்னதில்லை. அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நான் போர்டில் இருந்த மூன்றாவது வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வயதில் யானைக்கவுனியில் மூட்டை தூக்க ஆரம்பித்தவன். தூக்கு, இறக்கு, நகரு, ஓரமா நில்லு. இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லப்பட்டதெல்லாம் முதல் இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிடும். மூன்றாவது வார்த்தையில் யார் என்னோடு பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"அடுத்த வாரத்துக்கு ஹோம்வொர்க்," என்றார் மிஸ். "உங்களுக்கு வேண்டிய ஒருத்தரை மனசுல வச்சு, அவங்களுக்கு மஸ்ட்டும் ஷுட்டும் போட்டு அஞ்சு வரி எழுதணும். புக்குல இருக்கறதைப் பார்த்து எழுதாதீங்க. நெஜமா இருக்கணும்."

"நெஜமா எயுதுனா வம்பாயிடுமே மிஸ்ஸு?" இதைக் கேட்டது லூயிஸ்.

"இந்த நோட்டு நமக்குள்ளதான் அண்ணா. நான் மட்டும்தான் பார்ப்பேன்."

வெளியே வரும்போது லூயிஸ் என் தோளில் கைபோட்டுச் சொன்னான்: "எங்க கோயில் பொண்ணு மாமு அது. ஞாயித்துக்கெயம பாட்டுக் குழுல முன்னால நின்னுகினு பாடும். அவங்க அப்பாரு ரயில்வேல இருந்தாரு, தங்கமான மனுசன். கூச்சப்படாம எயுது."

லூயிஸ் ராயபுரத்துக்காரன். எங்கள் யார்டில் ஸ்டேக்கர் ஓட்டினான். நாற்பது டன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி தூக்கி, ஐந்து அடுக்கு உயரத்தில் கொண்டுபோய் வைக்கும் வண்டி அது. நான் கீழே நின்று அவனுக்குச் சிக்னல் காட்டுபவன். பதினாலு வருஷமாக நாங்கள் ஜோடி. என்ஜின் சத்தத்தில் காது ஒன்றும் கேட்காது. உள்ளங்கையை மேலே காட்டினால் தூக்கு, கீழே காட்டினால் இறக்கு, முஷ்டி மடக்கினால் நிறுத்து. கேபின் கண்ணாடிக்குப் பின்னால் அவன் தலையாட்டுவான். வேலை நடக்கும். டீக்கடையில் வாய் திறந்தால் கிண்டல்தான். அவன் தொப்பையை நான் ஓட்டுவேன், என் வழுக்கையை அவன் ஓட்டுவான். நீ இப்படி இரு, அப்படிச் செய் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. யார்டில் அப்படிச் சொல்பவன் மேஸ்திரி. நாங்கள் சிநேகிதர்கள்.

ஆறேழு மாதமாக அவன் இடது கண் சரியில்லை. எனக்கு அது எப்போதோ தெரியும். எங்கள் யார்டு விதிப்படி சிக்னல்காரன் வண்டிக்கு இடது முன்பக்கம் நிற்க வேண்டும். ஒருநாள் நான் முஷ்டி மடக்கியும் வண்டி நிற்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் வலது பக்கம் போய் நின்றேன். அதற்கப்புறம் பிசகு இல்லை. ஏன் இடம் மாறினேன் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவனே ஒருநாள் பாதுகாப்பு அதிகாரி விமலிடம் போனான். நான் பக்கத்தில்தான் நின்றேன். "சார், லெப்ட் கண்ணு கொஞ்சம் பேஜாரா கீது. கேட்டுல பெட்டி நம்பர் பாக்கற வேலைக்கி மாத்தி வுடுங்க சார்," என்றான்.

விமல் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆள் இல்லண்ணா. ஒரு ரெண்டு மாசம் ஓட்டுங்க. மெடிக்கல் செக்கப்ல உங்க பேர் வராம நான் பாத்துக்கறேன்," என்றார். லூயிஸ் தலையாட்டிவிட்டு வந்து வண்டியில் ஏறிக்கொண்டான்.

ஹோம்வொர்க் கொடுத்த மறுநாள் காலை, மீன் வாங்கக் காசிமேடு போயிருந்தேன். லூயிஸின் மனைவி சிலுவையம்மாள் அங்கே ஏலம் எடுத்து, கூடையில் வைத்து ராயபுரத்தில் விற்பவள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, உங்கைல ஒண்ணு சொல்லணும். அவுரு காப்பிய டம்ளர்ல ஊத்தச் சொன்னா டம்ளருக்கு வெளிய ஊத்துறாரு. மெத்தப் படில ரெண்டு தபா வியுந்துட்டாரு. எல்லாம் சுகரு. ஆஸ்பத்திரிக்கி வாயான்னா, கண்ணு போச்சின்னு சீட்டு எயுதிட்டா வண்டிய வுட்டு எறக்கிடுவான்றாரு. நீ சொன்னா கேப்பாருண்ணே."

"சொல்றேன் சிலுவ."

"கண்டிப்பா சொல்லு. எனுக்கு ராத்திரில தூக்கமே வர்றதில்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் எனக்கு நாலு சங்கரா எடுத்துப் பையில் போட்டாள்.

அன்று மதியம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் தமிழ் எழுத்துக்கு முன்னால் இங்கிலீஷ் எழுத்துத் தெரிந்துகொண்டவன். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு எழுத்து, ஏழு எண் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து வந்தது. தமிழ் எழுதப் படிக்கத் திருவொற்றியூர் யூனியன் ஆபீசில் மாலை வகுப்பு நடத்தினார்கள். அப்போது எனக்கு நாற்பத்தோரு வயது. பெட்டி நம்பரில் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதினால் தூத்துக்குடிக்குப் போக வேண்டியது துபாய்க்குப் போய்விடும். அப்படி எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்கு, எழுதுவது என்றால் உள்ளதை எழுதுவதுதான். பழக்கத்துக்காகச் சும்மா ஒரு வரி எழுதலாம் என்பது பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரம் பிடித்தது. லூயிஸ் ஷுட் கோ டு ஐ டாக்டர். ஹிஸ் லெஃப்ட் ஐ இஸ் நாட் சீயிங். ஹி மஸ்ட் நாட் டிரைவ் தி மெஷின். ஹிஸ் ஒய்ஃப் இஸ் கிரையிங். ஐ ஷுட் டெல் ஹிம்.

ஐந்தாவது வரி எழுதியதும் மனசு கொஞ்சம் லேசானது. சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மிஸ் நோட்டுகளை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுயம்பு எழுதியிருந்தது: யூ மஸ்ட் கிவ் லீவ். லூயிஸ், தண்ணீர் மெஷின் மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்து எழுதியிருந்தான்: யூ ஷுட் டிரிங்க் வாட்டர். ஐந்து வரியும் அதேதான். மிஸ் அவனைச் செல்லமாகத் திட்டினார். என் நோட்டு வந்தபோது படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்புறம் லூயிஸைப் பார்த்தார். சிவப்பு மையில் "வெரி குட்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார். வீட்டுக்குப் போனதும் அந்த நட்சத்திரத்தை என் மனைவி சொக்கம்மாளிடம் காட்டினேன். வரிகளை அவளால் படிக்க முடியாது. நானும் படித்துச் சொல்லவில்லை. அடுத்த வகுப்பில் மிஸ் எல்லா நோட்டையும் திரும்ப வாங்கி வகுப்பறை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மூன்று வாரம் போயிருக்கும். அக்கா மகன் கல்யாணத்துக்காக ஒருநாள் லீவு போட்டேன். எனக்குப் பதில் சுயம்பு சிக்னலில் நின்றான். அவன் விதிப்படி இடது பக்கம் நின்றான்.

சுயம்புவின் முஷ்டி லூயிஸுக்குத் தெரியவில்லை. இறங்கிய பெட்டி, நின்றிருந்த டிரெயிலரின் கேபினை உரசி, கதவை நசுக்கிக்கொண்டு கீழே வந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். சுயம்பு பாய்ந்து பின்னால் விழுந்தான். முழங்கை தேய்ந்ததைத் தவிர ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பெட்டிக்குள் இருந்தது வெளிநாட்டுக்காரன் மெஷின். அவன் மெயில் போட்டான். யாராவது ஒருத்தர் போயாக வேண்டும் என்று ஆபீசில் பேச்சு எழுந்தது.

அடுத்த புதன்கிழமை டீ நேரத்தில் லூயிஸ் வந்தான். கையில் கம்பெனி மெமோ. கண் கோளாறை மறைத்து வண்டி ஓட்டினான் என்று குற்றம். கூட வேலை செய்பவரே எழுத்தில் தெரிவித்திருக்கிறார் என்று அதில் போட்டு, ஒரு ஜெராக்ஸ் இணைத்திருந்தார்கள்.

"இது யாரு எயுத்து மாமு?"

பார்த்த உடனே தெரிந்தது. என் பக்கம். மேலே மூன்று வரி மட்டும் இருந்தது. மற்ற இரண்டையும் வெள்ளைத்தாள் வைத்து மறைத்து நகல் எடுத்திருந்தார்கள். ஓரத்தில் மிஸ் போட்ட நட்சத்திரம் கறுப்பாக விழுந்திருந்தது.

"என்னுதுதான்."

"கம்பெனிக்கு எயுதிக் குடுத்தியா?"

"இல்ல லூயிசு. கிளாஸ் நோட்டு. நெஜமா எயுதச் சொன்னாங்கல்ல, அதான்..."

"நெஜமா எயுதுனியா?" அவன் குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ஏன் மாமு, வெள்ளக்காரன் பாஷைல எயுத வந்துச்சி. எங்கைல தமிழ்ல சொல்ல வர்லியா?"

நான் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யாரோ பீரோவத் தொறந்து எடுத்துக்கீறானுங்க. ஜானட்டு குடுத்திருக்காது," என்றான் அவனே. "நாளான்னிக்கி வெள்ளிக்கெயம என்கொயரி. உன்ன கூப்புடுவாங்க. எங்கையெயுத்து இல்லன்னு சொல்லிடு. அவ்ளோதான். வேற எந்த ஆதாரமும் அவங்க கைல இல்ல. ரிட்டயராவ இன்னும் ரெண்டு வருசம் மாமு எனுக்கு. கேட்டு வேலைன்னாலும் உள்ள இருந்தாத்தான் கேக்க முடியும்."

"சொல்றேன்," என்றேன். சிலுவையம்மாளிடம் சொன்ன அதே மாதிரி.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேல்மாடி ஏசி அறையில் என்கொயரி நடந்தது. வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாக அழைத்து வந்திருந்தார்கள். ஒரு ஓரத்தில் டைப் அடிக்கிற பெண். எதிரே லூயிஸ், ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைக்கும் வெள்ளைச் சட்டையில். சுவரோரம் விமல், போனில் என்னவோ தடவிக்கொண்டிருந்தார்.

அதிகாரி ஜெராக்ஸை என் பக்கம் தள்ளினார். "இது உங்க எழுத்தா?"

"இல்ல சார்."

"உங்களுக்கு இங்கிலீஷ் எழுதத் தெரியுமா?"

"பெட்டி நம்பர் எயுதுவேன் சார். அவ்ளோதான்."

என் வாழ்க்கையில் நான் படாத பாடுபட்டுத் தேடிக்கொண்டது அந்த எழுத்து ஒன்றுதான். அதையே இல்லை என்று சொன்னேன். லூயிஸ் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆட்டுகிற மாதிரி.

அதிகாரி மேசை மணியை அடித்தார். கதவைத் திறந்துகொண்டு ஜானட் மிஸ் உள்ளே வந்தார். பதினெட்டு நோட்டையும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். இவ்வளவு நேரம் வெளியே உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் லூயிஸுக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பீரோவை யாரும் திறக்கவில்லை.

"இது யார் எழுத்து மேடம்?"

மிஸ் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துச் சொன்னார்: "அப்பாவு அண்ணாவோட எழுத்துதான் சார். என் கிளாஸ்லயே உண்மையா எழுதறவர் இவர்தான்."

லூயிஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டான். இருமலை அடக்குகிறானோ என்று நினைத்தேன். இல்லை, சிரிப்பை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன சொல்றீங்க?"

"என் எயுத்துதான் சார். ஆனா அந்தப் பக்கத்துல அஞ்சு வரி கீது. நீங்க மூணுதான் வச்சிக்கினு கீறீங்க."

"மத்தது கேசுக்குத் தேவையில்லை."

"எனக்குத் தேவ சார்." மிஸ் கையில் மேலாக இருந்த என் நோட்டை நானே எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. பக்கத்தைப் பிரித்து ஐந்து வரியையும் உரக்கப் படித்தேன். நாலாவது வரிக்கு லூயிஸ் தலை நிமிர்ந்தான். ஐந்தாவது வரிக்கு மறுபடி குனிந்துகொண்டான்.

"இது கம்பெனிக்கு எயுதுனது இல்ல. என் தோஸ்துக்கு எயுதுனது. கம்பெனிக்கு இது புச்சா தெரிய வேண்டியதும் இல்ல. விமல் சாருக்கு முன்னாலயே தெரியும். லூயிசு கண்ணு சரியில்லன்னு சொல்லி, கேட்டுல வேல கேட்டாரு. ரெண்டு மாசம் ஓட்டுன்னு சொன்னது இவருதான். நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன்."

"அப்படி எதுவும் நடக்கல சார்," என்றார் விமல். போனைக்கூட அவர் கீழே வைக்கவில்லை.

டைப் அடிக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. அதிகாரி அந்தப் பெண்ணிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் இரண்டு வரி அடித்து, தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"சைன் பண்ணிட்டுப் போகலாம்."

எல்லாம் இங்கிலீஷ். நான் விரலை வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். தெரியாத வார்த்தைகள் நிறைய இருந்தன. ஆனால் ஒரு பேரைத் தேடுவதற்கு எல்லா வார்த்தையும் தெரிய வேண்டியதில்லை. லூயிஸ் பேர் ஆறு இடத்தில் இருந்தது. என் பேர் நாலு இடத்தில் இருந்தது. விமல் பேர் இல்லை.

"நான் சொன்னதுல பாதி இதுல காணோமே சார்."

"தேவையானது இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"போட்டே ஆகணும்னு எங்க எயுதிக் கீது சார்? காட்டுங்க. இப்பதான் படிக்கத் தெரியுமே, படிச்சிப் பாத்துக்கறேன்."

நான் பேனாவை எடுத்து, தாளின் அடியில் இருந்த காலியிடத்தில் தமிழில் எழுதினேன். லூயிஸ் கண் விஷயம் விமல் சாருக்கு முன்பே தெரியும். வேறு வேலை கேட்டார், தரவில்லை. அப்போது நான் இருந்தேன். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி தாளை வாங்கிப் பார்த்தார். மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். டைப் அடிக்கும் பெண்ணிடம், "இன்னொரு காப்பி எடும்மா. சாட்சி கையெழுத்துப் போட மறுத்துட்டார்னு போட்டுக்கோ," என்றார்.

மாடிப்படியில் ஜானட் மிஸ் எனக்காக நின்றிருந்தார். அழுதிருந்தார்.

"அண்ணா, நோட்டெல்லாம் கம்பெனி சொத்துன்னு சொன்னாங்க. குடுத்துத்தான் ஆகணும்னாங்க. எனக்கும் இது வேலை."

"நமக்குள்ளன்னு சொன்னீங்களே மிஸ்ஸு."

"சொன்னேன்."

"கேக்கறாங்கன்னு எங்கைல ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தப் பக்கத்தக் கியிச்சிப் போட்டிருப்பேனே. அதுக்குமா வேலை போயிடும்?"

ஐம்பத்திரண்டு வருஷத்தில், உன் மனசில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்ட முதல் ஆள் அவர். கேட்டார், நான் சொன்னேன். அவரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. வாய் வரவில்லை. என் நோட்டை நீட்டினார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இறங்கினேன்.

கீழே கேட்டில் லூயிஸிடம் ஹெல்மெட்டையும் பாஸையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாஸைக் கழுத்திலிருந்து கழற்றும்போது கயிறு சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டது. நான் போய் எடுத்துவிட்டேன். அவன் விட்டான். எடுத்து முடித்ததும் என் கையைத் தள்ளிவிட்டான்.

சாலையில் டிரெயிலர்கள் வரிசையாக நின்றன. ஷேர் ஆட்டோவுக்காக ஓரத்தில் நின்றோம். வெயில் சுட்டது.

"அதான் ரைட்டு பக்கம் வந்து நின்னியா?" என்றான்.

"ஆமா."

"நான் இன்னாவோ, வெயிலுக்கு மாறி நிக்கறன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." சிரித்தான். அரை நொடிக்கு மேல் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. "ஆறு மாசம் மாமு. டெய்லி டீ குடிச்சோம். ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வண்டிய வுட்டு எறங்கிடுவ. எறங்கிட்டா நான் யாருக்கு சிக்னல் காட்டறது?"

அது உண்மை. அவனிடம் சொல்லும்வரை எனக்கே தெரியாத உண்மை. ஏதாவது திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்தான். இடது கண்ணை மட்டும் இரண்டு தடவை துடைத்தான்.

"ஜானட்டு பண்ணதுகூடப் பரவால்ல. அது யாரோ. சுயம்பு செத்திருப்பான் மாமு அன்னிக்கி. உனுக்குத் தெரியும். தெரிஞ்சிகினு கல்யாணத்துக்குப் போயிட்ட. அவங்கைலயாவது ரைட்டு பக்கம் நில்லுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

நான் சாலைப் பக்கம் திரும்பி ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

ராயபுரம் போகும் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. லூயிஸ் கம்பியைத் தடவிப் பிடித்து ஏறினான். உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பாமல் சொன்னான்:

"நாளைக்கிக் கண்ணாஸ்பத்திரி போறேன். சிலுவ கூட வருது. நீ வராத."

ஆட்டோ கிளம்பியது. அதில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருந்தது.